அப்டேட் பாதியில் நின்று செத்த ரூட்டர்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

வைகைக்கரை எழுதியது:

தேனியில் அக்கா வீட்டு ரூட்டர். ஃபர்ம்வேர் (ரூட்டருக்குள் ஓடும் மென்பொருள்) ஏறிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விட்டது. திரும்ப வந்த பிறகு பவர் விளக்கு மட்டும் நிலையாக எரிகிறது. மற்ற விளக்குகள் எல்லாம் ஒன்றாக மின்னி அணைகின்றன, மறுபடியும் அதே. டிஎஃப்டிபி முறை, அதாவது செத்த ரூட்டர் கேபிள் வழியாகக் கேட்டு வாங்கும்படி மடிக்கணினியில் ஃபர்ம்வேர் கோப்பை வைப்பது, இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மடிக்கணினிக்கு 192.168.0.66 என்ற நிலையான முகவரி, ரூட்டர் கேட்கும் அதே பெயரில் கோப்பு, ரீசெட்டை அழுத்தியபடி பவர். ஃபயர்வாலை நிறுத்தியாகிவிட்டது, கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தாகிவிட்டது. டிஎஃப்டிபி சாளரத்தில் ஒரு வரிகூட விழவில்லை.

கேபிள் எட்டவில்லை என்று அக்கா மகன் ஒரு பழைய ஐந்து போர்ட் ஸ்விட்ச்சை நடுவில் மாட்டினான். அடுத்த முறை பவர் போட்டதும் 192.168.0.86 என்ற முகவரியிலிருந்து ரூட்டர் கோப்பைக் கேட்பதாக ஒரு வரி வந்து விழுந்தது. பிறகு பச்சைப் பட்டை நகர ஆரம்பித்தது. மற்ற எதுவும் மாறவில்லை. அதே கோப்பு, அதே மடிக்கணினி. ரூட்டர் இப்போது நன்றாக ஓடுகிறது, ஆனால் எனக்கு இது இன்னும் உறுத்துகிறது. அந்த ஸ்விட்ச் என்னதான் செய்தது?

பொன்னி எழுதியது:

இணைப்பை அறுந்துபோகாமல் வைத்திருந்தது. நேரடியாக மாட்டினால் ரூட்டரை அணைக்கும் ஒவ்வொரு முறையும் மடிக்கணினியின் லேன் இணைப்பும் போய்விடும். ரூட்டர் எழுந்ததும் இரண்டு பக்கமும் வேகத்தை ஒத்துக்கொள்ள ஓரிரு நொடி ஆகும். அதற்குமேல் விண்டோஸ், அந்த முகவரி வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் அதைப் பயன்படுத்தும். ரூட்டரில் முதலில் எழும் சிறு நிரலான பூட்லோடர், கோப்புக்காகக் காத்திருப்பதோ சில நொடிகள். நடுவில் ஸ்விட்ச் இருந்தால் மடிக்கணினிக்குக் கேபிள் கழன்றதே தெரியாது.

என் அனுபவம் அலுவலகத்தில். தூக்கிப்போட வேண்டிய பொருள்களின் பெட்டிக்குள் ஒரு ரூட்டர் கிடந்தது, 'டெட்' என்று மார்க்கரால் எழுதியிருந்தார்கள். ஸ்விட்ச்சில் சொருகி, ரீசெட்டை அழுத்தியபடி பவர் போட்டு, கேபிளில் போகும் தகவல்களைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்தேன். திரையில் ஒரே வரி திரும்பத் திரும்ப: '192.168.0.66 யாரிடம் இருக்கிறது? 192.168.0.86-க்குச் சொல்லவும்.' செத்தது என்று எல்லோரும் எழுதிவைத்த பெட்டி, உதவி கேட்டு முகவரி சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அப்டேட் எழுதுவது கர்னலையும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கோப்பு முறைமையையும்தான். ஃபிளாஷ் நினைவகத்தின் தொடக்கத்தில் இருக்கும் பூட்லோடரைத் தொடுவதில்லை. இது தெரியாமல் எத்தனை பெட்டிகள் குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

நாஞ்சிலான் எழுதியது:

தொடுவதில்லை என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், பொன்னி. சில கம்பெனி ஃபர்ம்வேர்களில் பூட்லோடரும் சேர்ந்தே வரும். கோப்பின் பெயரிலேயே 'பூட்' என்று இருக்கும். ரூட்டர்களுக்கான திறந்த மூல ஃபர்ம்வேரான ஓப்பன்டபிள்யூஆர்டியிலிருந்து கம்பெனியின் பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்புகிறவர்கள் அந்தக் கோப்பை அப்படியே எழுதிவிட்டால் கதை முடிந்தது. நான் பார்த்த பழைய மாடல்களில் கோப்பின் முதல் 257 கட்டங்களை, ஒவ்வொன்றும் 512 பைட், வெட்டி எறிந்த பிறகே எழுத வேண்டும்.

நான் உயிர்ப்பித்தது சீரியல் வழியாக, அதாவது போர்டிலேயே ஒயர் மாட்டிக் கணினியிலிருந்து பூட்லோடரோடு பேசி. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் போர்டு போய்விட்டது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்த திருகைக் கழற்றித் திறந்தால் போர்டின் ஓரத்தில் நான்கு துளைகள். தரை, அனுப்புவது, வாங்குவது என்று மூன்றுக்கு மட்டும் ஒயர், நான்காவது 3.3 வோல்ட், அதை மாட்டக் கூடாது. பேசும் வேகம் நொடிக்கு 115200 பிட். பவர் போட்டதும் எழுத்துகள் மளமளவென்று ஓடி, 'பேட் டேட்டா சிஆர்சி' (தகவல் சரிபார்ப்பில் பிழை) என்ற வரியில் வந்து நின்றன. போர்டு போகவில்லை, பதிந்த ஃபர்ம்வேர்தான் அரைகுறை என்று அந்த ஒரு வரி சொல்லிவிட்டது. அந்தக் கடைக்காரர் போர்டைத் திறந்தே பார்க்கவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்குக் கோபம்.

குறிஞ்சி எழுதியது:

சீரியல் என்றதும் எல்லோரும் 5 வோல்ட் சீரியல் அடாப்டரை மாட்டிப் போர்டை எரித்துவிடப்போகிறார்கள். 3.3-க்கு மாற்றும் ஜம்பர் (சிறு இணைப்புத் துண்டு) அதில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும், நாஞ்சிலான்.

எங்கள் தெருவில் ஒருவர், அதே மாடல் வைத்திருந்த நண்பரின் ரூட்டரிலிருந்து ஃபிளாஷ் முழுவதையும் நகலெடுத்துத் தன் செத்த ரூட்டரில் எழுதிவிட்டார். எல்லா விளக்குகளும் எரிந்தன. பிறகு நண்பர் தன் ரூட்டரையும் அதே வீட்டுக்குக் கொண்டுவந்தபோது என் கைப்பேசியில் இரண்டு வைஃபைகள், இரண்டுக்கும் ஒரே மேக் முகவரி, ஒவ்வொரு கருவிக்கும் தனியாக இருக்க வேண்டிய அடையாள எண். பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது.

ஆகவே, யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஃபிளாஷில் ஒரு சிறு பகுதி அந்த ஒரு கருவிக்கு மட்டுமே உரியது. மேக் முகவரியும், தொழிற்சாலையில் அந்த ரேடியோவுக்கென்று அளந்து பதித்த அளவுத்திருத்தத் தகவல்களும் அங்கேதான் இருக்கும். சில சிப்களில் அதற்கு 'ஏஆர்டி' என்று பெயர், சிலவற்றில் 'ஃபேக்டரி'. அது அழிந்தால் எந்த இணையதளத்திலிருந்தும் திரும்பக் கிடைக்காது. வைஃபை வரவே வராது, அல்லது பக்கத்து அறையில் செத்துவிடும். ரூட்டர் நன்றாக இருக்கும்போதே அந்தப் பகுதியை நகலெடுத்து, பெட்டியின் வரிசை எண்ணைப் பெயராக வைத்து, வேறிடத்தில் சேமியுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேபிளில் 'வி2' என்று இருந்தால் 'வி1' கோப்பைத் தொடாதீர்கள், பெயர் ஒன்றானாலும் உள்ளே சிப்பே வேறாக இருக்கலாம். அப்டேட்டை வைஃபையில் செய்யாதீர்கள், கேபிளில் செய்யுங்கள். ரூட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். 30-30-30 ரீசெட் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது புதிய ரூட்டர்களுக்கு ஆகாது.

தாமிரபரணி எழுதியது:

30-30-30-ஐ அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். பவரோடு 30 நொடி, பவரில்லாமல் 30, மறுபடி பவரோடு 30, ரீசெட்டை விடாமல். பிராட்காம் சிப் உள்ள பழைய ரூட்டர்களில் என்விரேமைத் (அமைப்புகள் பதிந்திருக்கும் நினைவகம்) துடைக்க அது ஒரு வழி. புதியவற்றில் ரீசெட்டை அழுத்தியபடி பவர் போட்டால் மீட்பு நிலைக்குப் போய்விடும் என்பது உண்மை.

கல்லூரி விடுதியில் எங்களிடம் ஒரு லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டர் இருந்தது. 2003-ல் அதன் மூல நிரல் வெளியான பிறகு, 2004-ல் ஓப்பன்டபிள்யூஆர்டி தொடங்கியதே அந்தப் பெட்டியில்தான். அறை நண்பன் வேறு ஏதோ கோப்பை ஏற்றிவிட்டான், பவர் விளக்கு மட்டும் விடாமல் மின்னியது. ரூட்டர் பதில் சொல்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிங்கை ஓடவிட்டுப் பவரைப் போட்டோம். பதில் வந்தது, அதில் டிடிஎல் என்ற எண் 100. உடனே எல்லோரும் கத்திவிட்டோம். லினக்ஸ் எழுந்திருந்தால் 64 வரும். 100 என்றால் பேசுவது பூட்லோடர். அந்த 100 தெரியும் சில நொடிக்குள் டிஎஃப்டிபியில் கோப்பைத் தள்ள வேண்டும். தள்ளினோம், ஏறியது. இன்றும் எந்த ரூட்டர் படுத்தாலும் முதலில் பிங் போட்டு டிடிஎல்லைத்தான் பார்க்கிறேன்.

கடலோடி எழுதியது:

உங்களுக்கெல்லாம் ரீசெட் பட்டனாவது இருந்தது. எங்கள் வீட்டில் இருப்பது ஃபைபர் கம்பெனி கொடுத்த ஓஎன்டி, அதாவது ஃபைபரை வீட்டு இணையமாக மாற்றும் பெட்டி. அப்டேட்டை நாம் போடுவதே இல்லை. தூரத்திலிருந்தே பெட்டியைக் கையாளும் டிஆர்-069 வழியாக அவர்களே இரவில் தள்ளுகிறார்கள். காலையில் எழுந்தால் பான் (ஃபைபர் இணைப்பு) விளக்கு மட்டும் எரிகிறது, வேறெதுவும் இல்லை. அப்பாவுக்கு அன்று மருத்துவருடன் வீடியோ ஆலோசனை இருந்தது. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் பேசினார், பாதி வார்த்தை விழுங்கியது, மாத்திரை பெயரை மருத்துவர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

கம்பெனியிலிருந்து வந்த பையன் நல்லவன். பெட்டியை மாற்றினான், ஆனால் பழைய பிபிபிஓஇ (இணைய இணைப்புக்குள் நுழையும்) கடவுச்சொல் கேட்டால் என்னிடம் இல்லை, அது செத்த பெட்டிக்குள் இருக்கிறது. அவன் யார் யாரையோ கூப்பிட்டு வாங்குவதற்குள் மாலையாகிவிட்டது. நாஞ்சிலான், இதில் சீரியல் எல்லாம் வேண்டாம், பெட்டி அவர்களுடையது. ஓஎன்டி வைத்திருப்பவர்கள் இணைப்பு வேலை செய்யும்போதே வாடிக்கையாளர் சேவையில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். நான் கேட்டபோது முதலில் மறுத்தார்கள். விடாமல் கேட்டதும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினார்கள்.