ஹோஸ்டிங் மாற்றியபின் தமிழ் மட்டும் குப்பை எழுத்தாகத் தெரிகிறது

கேள்வி:
வேர்ட்பிரஸ் தளம். மைஎஸ்கியூஎல்டம்ப் (டேட்டாபேஸை ஒரே கோப்பாக, அதாவது ‘டம்ப்’ ஆக, எடுக்கும் கருவி) மூலம் டேட்டாபேஸை எடுத்துப் புதிய சர்வரில் ஏற்றியாயிற்று, எந்தப் பிழையும் வரவில்லை. ஆங்கிலப் பதிவுகளும் படங்களும் சரியாக உள்ளன. ஒவ்வொரு தமிழ் எழுத்தும் இரண்டு மூன்று லத்தீன் குறிகளாக வருகிறது. பழைய தளத்தில் இன்னும் நன்றாகவே தெரிகிறது. எதைச் சரிசெய்வது?

பதில் 1:
முதலில், பழைய கணக்கை மூடிவிடாதீர்கள். எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8ல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். அந்த மூன்றும் தனித்தனி எழுத்தாக எங்கோ படிக்கப்படுகின்றன.

பழைய தளத்தில் ‘அம்மா’ என்று மட்டும் தலைப்பிட்டு ஒரு வரைவைச் சேமித்து, பழைய டேட்டாபேஸில் அந்தத் தலைப்பின் லெங்த் (பைட் எண்ணிக்கை), கேர்_லெங்த் (குறி எண்ணிக்கை) இரண்டையும் பாருங்கள். அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறிகள். ஆகவே 15, 5 வந்தால் சேமிப்பு சரி. 15, 15 என்றால் யூடிஎஃப்-8 பைட்டுகள் லத்தீன்1 (ஒரு பைட்டை ஓர் எழுத்தாகக் கொள்ளும் பழைய முறை) டேபிளில் கிடக்கின்றன. 31, 15 என்றால் யூடிஎஃப்-8க்கு இருமுறை மாற்றப்பட்டுவிட்டது.

கேட்டவர்:
15, 15. பழைய கான்ஃபிக் கோப்பில் டிபி_சார்செட் (டேட்டாபேஸுடன் எந்த எழுத்து முறையில் பேசுவது என்ற அமைப்பு) லத்தீன்1, புதியதில் யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லில் முழு யூடிஎஃப்-8இன் பெயர்).

பதில் 1:
அதுதான் காரணம். புதியதிலும் லத்தீன்1 என்று போட்டால் தமிழ் உடனே தெரியும், ஆனால் அது ஒட்டுப்போடுவதுதான். தேடலும் வரிசைப்படுத்தலும் தவறாகவே இருக்கும்.

நிலையான வழி: --டிஃபால்ட்-கேரக்டர்-செட்=லத்தீன்1, --ஸ்கிப்-செட்-சார்செட் இரண்டும் கொடுத்து மறுபடி டம்ப் எடுங்கள். பைட்டுகள் மாறாமல் வரும். கிரியேட் டேபிள் பகுதிகளில் மட்டும் லத்தீன்1 என்பதை யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள்; ஸ்வீடிஷ் கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) குறிப்பிட்டிருந்தால் அதையும் யூடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ என்று மாற்றுங்கள். யூடிஎஃப்8எம்பி4 இணைப்பில் காலி டேட்டாபேஸில் ஏற்றி, டிபி_சார்செட்டை அப்படியே விடுங்கள். பைட் எண்ணிக்கை மாறாததால் சீரியலைஸ் செய்த (பைட் நீளத்தோடு ஒரே சரமாகச் சேமித்த) விட்ஜெட் அமைப்புகளும் உடையாது.

விண்டோஸின் பழைய பவர்ஷெல்லில் > குறியால் கோப்புக்குத் திருப்பாதீர்கள், யூடிஎஃப்-16 ஆகிவிடும். --ரிசல்ட்-ஃபைல் பயன்படுத்துங்கள்.

பதில் 2:
ஓர் எச்சரிக்கை சேர்க்கிறேன். எல்லா டேபிளும் லத்தீன்1 என்று நம்பிவிட வேண்டாம். பிற்காலப் பிளகின்கள் உருவாக்கியவை யூடிஎஃப்8எம்பி4 ஆக இருக்கலாம். அவற்றையும் லத்தீன்1 என்று டம்ப் எடுத்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும், அந்தக் கோப்பிலிருந்து மீட்கவே முடியாது. ஷோ டேபிள் ஸ்டேட்டஸ் கொடுத்து, கொலேஷன் பத்தியைப் பார்த்து, இரு வகையையும் தனித்தனி டம்பாக எடுங்கள்.

கேட்டவர்:
நல்லவேளை, பார்த்தேன். இரண்டு டேபிள் யூடிஎஃப்8எம்பி4. தனியே எடுத்து ஏற்றினேன். புதிய டேட்டாபேஸில் ‘அம்மா’ இப்போது 15, 5. மிக்க நன்றி.