நைனாவுக்குக் கண்ணுக்குப் பின்னாடி தண்ணிக் கட்டி: ஊசியில உறிஞ்சி எடுக்க முடியுமா?

குப்பம்_பட்டி:
வணக்கம். குப்பம் பக்கத்துக் கிராமம். நைனா ஆயுசு பூரா செம்மறி ஆடு மேய்ச்சவர். கொஞ்சம் கொஞ்சமா வலது கண் முன்னுக்குத் தள்ளிக்கிட்டே வந்திருக்கு. வலி இல்லை, சிவப்பும் இல்லை. இப்போ தூங்கும்போது இமை மூட மாட்டேங்குது. ஸ்கேன்ல விழிக்குப் பின்னாடி தண்ணிக் கட்டி, ஹைடாடிட்னு, அதாவது நாடாப்புழுவால வர்ற கட்டின்னு சந்தேகப்படறாங்க. ஆனா ரத்தப் பரிசோதனையில ஒண்ணும் வரலை. ஊசியில உறிஞ்சிட்டா போதாதா? கண்ணையே எடுத்துடுவாங்கன்னு அம்மா ஒரே அழுகை.

பலமநேர்_ராஜா:
எங்க சித்தப்பாவுக்கும் கண்ணுல புழுக்கட்டிதான். மாத்திரையிலேயே கரைஞ்சிடுச்சு. ஆபரேஷன் எதுக்கு?

நகரி_அக்கா:
ராஜா, உங்க சித்தப்பாவுக்கு வந்தது கண்தசையில வர்ற பன்றி நாடாப்புழுக் கட்டியா இருக்கும். அது மாத்திரை, ஸ்டீராய்டுலயே பெரும்பாலும் சரியாகும். இது நாய் நாடாப்புழு, வேற கதை.

தம்பி, நான் கண் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். யாரையும் தியேட்டருக்கு வெளியில வெச்சு ஊசி குத்த விடாதீங்க. அந்தத் தண்ணி உள்ளே கசிஞ்சா ஒவ்வாமையில ரத்த அழுத்தம் சட்டுனு இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். சிந்தின இடத்துல புதுக் கட்டியும் முளைக்கும். கட்டி ரொம்பப் பெரிசா இருந்தா சர்ஜனே தியேட்டருக்குள்ள, சுத்தியும் பாதுகாப்புப் பண்ணிட்டு, தண்ணியை எடுத்துச் சுருக்குவார். அது வேற.

வழக்கமா கண்ணோட வெளி ஓரத்துல கீறி, பக்கவாட்டு எலும்புல ஒரு துண்டைக் கழட்டி வெச்சுட்டு உள்ளே போவாங்க. அடர்த்தியான உப்புத் தண்ணியில நனைச்ச துணியைக் கட்டியைச் சுத்தி அடைப்போம். உறைய வைக்கிற கருவியோட முனையைக் கட்டிச் சுவத்துல ஒட்ட வெச்சு மெதுவா இழுப்பார். அவிச்ச முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழன்னு வரும். ஒவ்வாமை வந்தா போட அட்ரினலின் மருந்தைத் தயாரா வெச்சுக்கிட்டு மயக்க டாக்டர் மானிட்டரையே பார்த்துக்கிட்டு இருப்பார். அப்புறம் எலும்பைத் திரும்பப் பொருத்திடுவாங்க. விழியை எடுக்கறதில்லைன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. பார்வை எவ்வளவு திரும்பும்ங்கிறது, கண் நரம்பு எவ்வளவு நாள் அழுந்திக் கிடந்ததுங்கிறதைப் பொறுத்தது. அதனால தள்ளிப் போடாதீங்க.

ரத்தப் பரிசோதனை சரியா இருக்குன்னு நம்பிடக் கூடாது. கண்குழிக் கட்டியில அது பல சமயம் காட்டாது. கல்லீரலுக்கு ஸ்கேனும் நெஞ்சுக்கு எக்ஸ்ரேயும் கட்டாயம் எடுங்க, அங்கேதான் இந்தக் கட்டி அதிகம் வரும். புழு மாத்திரை அல்பெண்டசோல் வழக்கமா 400 மில்லிகிராம், நாளுக்கு ரெண்டு வேளை, கொழுப்புள்ள சாப்பாட்டோட. டாக்டர் சொல்லாம ஆரம்பிக்காதீங்க. நடுவுல கல்லீரல் டெஸ்ட் வேணும். இமை மூடலைன்னா கருவிழி காய்ஞ்சு புண்ணாகும், ராத்திரிக்குக் களிம்பு இன்னைக்கே கேட்டு வாங்குங்க.

குப்பம்_பட்டி:
ரொம்ப நன்றிக்கா. ரயிலேறி ஜோலார்பேட்டை வழியா காட்பாடி, அங்கிருந்து வேலூர் சிஎம்சி போறோம். கறி சாப்பிட்டதால வந்ததா?

நகரி_அக்கா:
கறியால இல்லை தம்பி. ஆடு அறுக்கிற இடத்துல கட்டி இருக்கிற ஈரலையும் நுரையீரலையும் நாய்க்குப் போடறோமே, அங்கே ஆரம்பிக்குது. நாய்க் கழிவுல முட்டை வெளிவந்து கைக்கும் கீரைக்கும் தண்ணிக்கும் வருது. பட்டி நாய்க்குக் கால்நடை டாக்டர்கிட்ட பிராசிகுவான்டெல்ங்கிற புழு மாத்திரை வாங்கிப் போடுங்க. வீட்டுல மத்தவங்களுக்கும் வயித்து ஸ்கேன் எடுத்துடுங்க. சிஎம்சியில என்ன சொன்னாங்கன்னு இங்கேயே எழுதுங்க.