இரணைமடுவுக்குள் காற்றாலை நடலாமா? குளக்கட்டில் நடந்த கதை

மன்னாரில் 30 காற்றாலை சுற்றுகிறதே, கிளிநொச்சியில் எங்கடை இரணைமடுக் குளத்துக்குள்ளும் நாலைந்தை நட்டால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். ரொறன்ரோவில் இருந்து வந்த என் பெரியம்மாவின் மகனும் குளக்கட்டில் நின்று இதையேதான் கேட்டார். நல்ல சோளகம் (தென்மேற்குக் காற்று), கதைப்பதே காதில் விழவில்லை. கீழே வலையில் இருந்து திலாப்பியா கழற்றிக்கொண்டிருந்த ஐயா தலை நிமிராமலே சொன்னார்: "சோளகம் அடிக்கேக்கை தண்ணி எங்கை தம்பி நிக்குது? சிறுபோக நெல்லுக்குத் துருசு திறந்து தண்ணி விட்டால் ஆவணியிலை நீங்கள் நட்டது தரையிலைதான் நிக்கும். பிறகு மாரியிலை தண்ணி ஏற, எங்கடை வலை அதிலை போய்ச் சிக்கும்."

அண்ணைக்குப் பதில் வரவில்லை. ஆனால் அன்றிரவு அவர் சொன்ன கதைதான் எனக்குப் புதுசு. அவருடைய ஒன்ராறியோ மாகாணமே 2011இல், ஆய்வு போதாது என்று, கனடா-அமெரிக்க எல்லையில் உள்ள பேரேரிகளுக்குள் (Great Lakes) காற்றாலை போடுவதை நிறுத்திவைத்ததாம். எதிர்க்கரையில், அமெரிக்காவின் கிளீவ்லண்டுக்கு அப்பால் ஈரி ஏரிக்குள் வெறும் 6 காற்றாலை, 20.7 மெகாவாட், அதற்கே பறவைக்கும் வௌவாலுக்கும் என்ன ஆகும் என்று வழக்கு நீதிமன்றம் வரை போய், 2022இல் ஓகையோ உச்ச நீதிமன்றம் அனுமதி சரிதான் என்று சொன்ன பிறகும், செலவு ஏறி 2023 டிசம்பரில் வேலையை நிறுத்திவிட்டார்கள். நன்னீரில் உப்பு அரிக்காது, அது உண்மை. ஆனால் அங்கே மாரியில் ஏரி உறைந்து பனிக்கட்டி தூணை நெரிக்கும், அதைத் தாங்க அடியில் தனி அமைப்பு வேண்டும். கடலில் காற்றாலை நடுகிற பெரிய கப்பல்களோ அந்த ஏரிகளுக்குள் வரவே முடியாது, வழியில் உள்ள கால்வாய்க் கதவுகளின் அகலம் சுமார் 24 மீற்றர்தான்.

முடியவே முடியாது என்றும் இல்லை. சுவீடனில் வேனேர்ன் ஏரிக்குள் 10 காற்றாலை போட்டிருக்கிறார்கள். ஆனால் அது கடல் மாதிரி விரிந்த ஏரி, நம்முடையது வயலுக்காகக் கட்டிய குளம்.

எங்களுக்குக் காற்று மின்சாரம் கட்டாயம் வேண்டும். பளைப் பக்கம் தரையிலேயே சுற்றுகிறது, அப்படி இடம் பார்க்கட்டும். குளத்துக்குள் என்று யார் வந்தாலும் முதலில் கமக்காரரையும் மீன்பிடிக்கிற சனத்தையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். வரைபடம் கீறி முடித்துவிட்டுக் கேட்பது கேட்பதே இல்லை.

பேசாலை, தலைமன்னார் பக்கத்து ஆக்கள் யாரும் இருந்தால் எழுதுங்கோ: காற்றாலை வந்த பிறகு உங்கள் கரையில் மீன்பாடும், வலசை வருகிற பறவைகளும் எப்படி?