குட்டி ஸ்வெட்டரின் கை மட்டும் சரியாக வரவில்லை, வழி சொல்லுங்கள்

என்னிடம் 43 செ.மீ. உயரமுள்ள ரெசின் பந்துமூட்டுப் பொம்மை (மூட்டுகளில் பந்து வைத்து, கைகால் மடங்கும் பொம்மை) ஒன்று இருக்கிறது. அதற்கு மெல்லிய கம்பளி நூலில், 1.75 மி.மீ. ஊசியால் கழுத்திலிருந்து கீழ்நோக்கி ஸ்வெட்டர் பின்னுகிறேன். 10 செ.மீ.க்கு 40 கண்ணிகள் வருகின்றன. மார்புக்கு 80 கண்ணி போட்டேன், உடம்பு கச்சிதமாக அமைந்துவிட்டது.

தகராறெல்லாம் கையில்தான். 28 கண்ணிகளை மூன்று ஊசிகளில் பிரித்துச் சுற்றிப் பின்னும்போது, ஊசிகள் சந்திக்கும் இடத்தில் ஏணிப்படி போல இடைவெளி விழுகிறது. நூலை இறுக்கினால் அடுத்த கண்ணிக்குள் ஊசி நுழைய மறுக்கிறது. தட்டையாகப் பின்னித் தைத்தும் பார்த்தேன்; தையல் தடித்து, முழங்கை மூட்டு மடங்கவில்லை. இரண்டு முறை பிரித்த நூல் இப்போது பஞ்சாகிக் கிடக்கிறது.

போதாததற்குப் பொம்மையின் விரித்த விரல்கள் கண்ணிகளில் மாட்டிக்கொள்கின்றன. பிளாஸ்டிக் உறையைப் பொம்மையின் கையில் மாட்டி நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது, அது ஒன்றுதான் ஆறுதல். (அடர்சிவப்பு நூலின் சாயம் ரெசினில் ஏறும் என்பதால் உள்ளே வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறேன்.)

தலை பெரிது, கழுத்து ஒல்லி. ஆகவே முதுகில் திறப்பு வைத்து டிச் பட்டன் தைத்தேன். அந்த விளிம்பும் சுருண்டுகொள்கிறது. கூடுதல் கண்ணி எடுத்துப் பட்டை பின்னினால் முதுகு புடைக்குமா?

இவ்வளவு குறுகிய கையை நீளமான வட்ட ஊசியில் (இரண்டு ஊசி முனைகளை வளையும் கம்பி இணைக்கும் ஊசி) பின்னியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உங்கள் கண்ணிக் கணக்கோடு சொன்னால் இன்றே மூன்றாவது முறையும் பிரித்துவிடுகிறேன்.