ப்ராஜெக்ட் தரவை உரைக்கோப்பாக எழுதும்போது எண்களின் வடிவம் மாறுவதை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி

வணக்கம். திட்ட மேலாண்மை மென்பொருளான மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் உள்ள ஏறத்தாழ 300 பணிகளின் விவரங்களை வாரந்தோறும் ஓர் உரைக்கோப்பில் எழுதித் தரும் மேக்ரோ (மென்பொருளுக்குள் ஓடும் சிறு நிரல்) ஒன்றை விபிஏ மொழியில் எழுதியிருக்கிறேன். கோப்பு உருவாவதில் சிக்கல் இல்லை. எண்கள்தாம் சொன்னபடி கேட்க மறுக்கின்றன. திரையில் 10 நாள் என்று தெரியும் கால அளவு கோப்பில் 4800 என்று வருகிறது. செலவுப் பத்தியில் ஒரு வரியில் 1333.33333333333 என்றும் அடுத்த வரியில் 1500 என்றும் இருக்கிறது. திரையில் தெரிவதை அப்படியே எடுத்துத் தரும் கெட்ஃபீல்டையும் பயன்படுத்திப் பார்த்தேன். நாணயக் குறியும் ஆயிரத்துக்கான காற்புள்ளியும் சேர்ந்து வந்ததால், ஒரே தொகை இரண்டு பத்திகளாக உடைந்துபோயிற்று. இதே மேக்ரோவை ஜெர்மன் வட்டார அமைப்பு கொண்ட கணினியில் ஓட்டினால் தசமப் புள்ளியே காற்புள்ளியாகிவிடுகிறது. எல்லாக் கணினிகளிலும் ஒரே மாதிரியான கோப்பு கிடைக்க வழி உண்டா?

பதில் 1

முதலில் 4800 பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது பிழையன்று. கால அளவையும் உழைப்பு அளவையும் மேக்ரோவுக்கு ப்ராஜெக்ட் நிமிடங்களாகவே தருகிறது. ஒரு வேலை நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 480 நிமிடம். ஆகவே 4800-ஐ 480-ஆல் வகுத்தால் உங்கள் 10 நாள் வந்துவிடும். ஆனால் 480 என்ற எண்ணை மேக்ரோவில் நேரடியாக எழுதிவிடாதீர்கள். ஒரு நாளைக்கு 7.5 மணி நேரம் என்று அமைக்கப்பட்ட திட்டத்தில் அது 450 ஆக இருக்கும் என்பதால், அந்தத் திட்டத்தின் ஹவர்ஸ்பெர்டே மதிப்பை (ஒரு நாளின் வேலை மணி நேரம்) எடுத்து 60-ஆல் பெருக்கிக்கொள்வதே பாதுகாப்பானது. விடுமுறை, இரவு என்று பாராமல் ஓடும் தொடர்கால அளவில் (திரையில் 'ஈடே' என்று தெரிவது) ஒரு நாள் என்பது 1440 நிமிடம். அத்தகைய பணிகளைப் பிரித்தறியாமல் வகுத்தால் ஒரு நாள் மூன்று நாளாகிவிடும்.

கெட்ஃபீல்டு தருவது மனிதர் படிப்பதற்கான உரை. வேறொரு மென்பொருள் படிக்கப்போகும் கோப்புக்கு அது உதவாது. செலவின் எண் மதிப்பை எடுத்து, "0.00" என்ற அமைப்புடன் ஃபார்மேட் செயற்கூற்றுக்குக் கொடுங்கள். ஆயிரப் பிரிப்பும் நாணயக் குறியும் வராது, எல்லா வரிகளிலும் இரண்டு தசம இடங்கள் இருக்கும். நாணயம் எது, அளவு நாளா மணியா என்பதையெல்லாம் பத்தியின் தலைப்பில் ஒருமுறை எழுதினால் போதும்.

பதில் 2

மேலே சொன்னதில் ஒரு குறை இருக்கிறது: ஃபார்மேட் செயற்கூறு கணினியின் வட்டார அமைப்பைப் பின்பற்றும். "0.00" என்று நீங்கள் புள்ளி வைத்து எழுதினாலும், ஜெர்மன் அமைப்பில் 1333,33 என்றுதான் கிடைக்கும். எண்ணை உரையாக்கும் சிஎஸ்டிஆரும் அப்படித்தான். எஸ்டிஆர் மட்டும் எப்போதும் புள்ளியையே பயன்படுத்துகிறது. ஆனால் அது நேர்ம எண்களுக்கு முன்னால் ஓர் இடைவெளி விடுகிறது, 0.5 என்பதை .5 என்று எழுதுகிறது, தசம இடங்களையும் சீராக்குவதில்லை. நான் பல வழிகளை முயன்று கடைசியில் வந்து நின்றது எளிய ஒரு வழியில்: ஃபார்மேட் தரும் உரையில் காற்புள்ளி இருந்தால் ரீப்ளேஸ் கொண்டு அதைப் புள்ளியாக மாற்றிவிடுகிறேன். "0.00" என்ற அமைப்பில் ஆயிரப் பிரிப்பு இல்லை என்பதால், இருக்கக்கூடிய ஒரே காற்புள்ளி தசமத்துக்கானதாகவே இருக்கும்.

எண்களை முழுமையாக்கும்போதும் (ரவுண்டிங்) கவனம் தேவை. விபிஏ-வின் ரவுண்ட் 2.5-ஐ 2 ஆக்கும், ஃபார்மேட் அதையே 3 ஆக்கும். இரண்டையும் ஒரே மேக்ரோவில் கலந்தால் கூட்டுத்தொகை சில காசுகள் தள்ளி நிற்கும்; காரணம் தேடித் தலையைப் பிய்த்துக்கொள்ள நேரிடும்.

பதில் 3

பத்திகளைப் பிரிக்கக் காற்புள்ளிக்குப் பதிலாகத் தாவல் குறியை வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஹவர்ஸ்பெர்டே, ஃபார்மேட், ரீப்ளேஸ், தாவல் ஆகிய நான்கையும் சேர்த்துவிட்டேன். இரண்டு கணினிகளிலும் உருவான கோப்புகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் ஓர் எழுத்துக்கூட வேறுபடவில்லை. ஒன்றே ஒன்று மிச்சமிருக்கிறது: பணிகளின் படிநிலை எண்ணான 1.10, எக்செலில் 1.1 என்று தெரிகிறது. இதனால் 1.1 என்ற வேறொரு பணியோடு அது குழம்பிவிடுகிறது.

பதில் 2

அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், 1.10 என்றே இருக்கும். எக்செல்தான் அதை எண் என்று கருதி, இறுதியிலுள்ள சுழியத்தை விட்டுவிடுகிறது. சில வட்டார அமைப்புகளில் அதையே அக்டோபர் 1 என்று தேதியாகவும் மாற்றிவிடும். 007 போன்ற குறியீடுகளின் முன்சுழியங்களுக்கும் இதே கதிதான். கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாகக் கொண்டுவந்து, அந்தப் பத்தியின் வகையை உரை என்று குறிப்பிடுங்கள். தவறான வடிவில் திறந்த கோப்பை எக்செலிலேயே சேமித்துவிட்டால் போன சுழியம் திரும்பாது. மேக்ரோவை மீண்டும் ஓட்ட வேண்டியதுதான்.