பழைய சொகுசு கார், ஏர் சஸ்பென்ஷன் தொல்லை: வழி சொல்லுங்கள்

வணக்கம். தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் 2011 மாடல் ஜெர்மன் சொகுசு கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். புது ஆல்ட்டோவை விட விலை குறைவு, அதில்தான் மயங்கினேன்.

இப்போது ராத்திரி நிறுத்தினால் காலையில் முன்பக்கம் தரையோடு படுத்துக் கிடக்கிறது. ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காரைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் பையில் கசிவு. காற்று இறங்க இறங்க, அதை நிரப்பும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி, கடைசியில் அதுவும் போய்விட்டது. இரண்டையும் மாற்ற 2 லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். காரையே அந்த விலைக்குக் கேட்க ஆள் இல்லை! எங்கள் பக்கத்து உப்புக் காற்றில் அடிப்பாகம் வேறு துருவேறியிருக்கிறது.

இதற்கிடையில் ஆர்சி புதுப்பிக்க வேண்டும். 15 வருடம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணமே 5,000 ரூபாய், பசுமை வரி தனி.

புதுப்பேட்டையில் பழைய ஏர் பை வாங்கிப் போடலாமா? ரப்பர் சமாச்சாரம், எத்தனை நாள் தாங்குமோ என்று பயம். சாதாரண காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மாற்றிய பிறகு டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு அணைகிறதா? அப்புறம் ராயபுரம், மாதவரம் பக்கம் ஸ்கேனர் வைத்துப் பார்க்கும் நல்ல மெக்கானிக் இருந்தால் சொல்லுங்கள்.

‘வித்துடு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை வீட்டிலேயே தினமும் கேட்கிறேன்.