அண்ணன் போய் வருஷம் ஆகப்போகிறது, அவர் நம்பரை இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறேன்

சயான் தம்பி:

மும்பைத் தமிழர்கள் நிறையப் பேர் இங்கே இருப்பதால் கேட்கிறேன். என் அண்ணன் போன ஆடி மாதம் மாரடைப்பில் போய்விட்டார். வயது 41. தாராவியில் சின்னத் தோல் பட்டறை வைத்திருந்தார், பர்ஸ், பெல்ட், லேடீஸ் பேக் என்று ஆர்டருக்குச் செய்து சயான்-பாந்த்ரா லிங்க் ரோட்டுக் கடைகளுக்குப் போடுவார். எங்கள் அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார், அதற்கப்புறம் ஃபீஸ் கட்டியதிலிருந்து என் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தது வரைக்கும் எல்லாம் அண்ணன்தான்.

அவர் போன் என் பீரோவில் இருக்கிறது. மாதாமாதம் இருப்பதிலேயே குறைந்த பிளானைப் போட்டு, சார்ஜ் ஏற்றி, அணைத்து வைக்கிறேன். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. முதலில் தோல் அனுப்பும் ஆட்கள் கூப்பிடுவார்கள், பணம் பாக்கி இருப்பவர்கள் கூப்பிடுவார்கள், அதனால் தேவைப்பட்டது. சென்னை பெரியமேட்டிலிருந்து ஒருவர் விஷயமே தெரியாமல் "மாஸ்டர் எங்க, குரல் மாறியிருக்கு" என்று கேட்டார், அவருக்கு எடுத்துச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. என் மனைவி "எவ்வளவு நாள்தான் இப்படிப் போடுவீங்க" என்கிறாள். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாள்.

வருஷ நினைவு நாளிலும் ஆளுக்கொரு பேச்சு. சந்துப் பையன்கள் பெரிய பேனர் வைக்க வேண்டும் என்கிறார்கள். மாமா ஊருக்குப் போய்ப் பாபநாசத்தில் ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கலாம் என்கிறார். அம்மா எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். அண்ணியும் பாப்பாவும் (இப்போது ஆறு வயது) அண்ணியின் அம்மா வீட்டில், கல்யாணில் இருக்கிறார்கள். கூடப்பிறந்தவரை இழந்தவர்கள் என்ன செய்தீர்கள்? நம்பரை விடலாமா, வேண்டாமா?

ரீசார்ஜ் கடை, செம்பூர்:

வருத்தம், தம்பி. நான் மொபைல் கடை வைத்திருக்கிறேன், நம்பர் விஷயத்தை மட்டும் சொல்கிறேன், மற்றதைப் பெரியவர்கள் சொல்வார்கள்.

போனை அணைத்தே வைத்திருந்தால் பிளான் மட்டும் போட்டு எவ்வளவு தூரம் காப்பாற்றலாம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 90 நாள் வரைக்கும் கால், மெசேஜ், டேட்டா எதுவுமே இல்லையென்றால் சிம்மை முடக்கலாம் என்பது ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி. பிரீபெய்டில் 20 ரூபாயாவது இருப்பு இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் விடுவார்கள். அதனால் அவ்வப்போது போனைப் போட்டு அந்த நம்பரிலிருந்து உங்களுக்கே ஒரு கால் போடுங்கள். முடங்கிப்போனால் குறைந்தது 90 நாள் கழித்து அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அந்த ஆள் அதே நம்பரில் வாட்ஸ்அப் போட்டால் உங்கள் போனில் 'அண்ணன்' என்ற பெயருக்கு மேல் யாரோ ஒருவரின் மீசை தெரியும். என் கடைக்கு வந்த ஒரு பெண் அப்படிப் பார்த்துவிட்டு அழுதே விட்டார்.

நம்பரைவிட முக்கியம் உள்ளே இருப்பது. வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் நெட்டில் வராமல் கிடந்தால் பொதுவாக அவர்களே நீக்கிவிடுவார்கள். உங்களுக்கு அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் உங்கள் போனில் தனியாக இருக்கும், அது போகாது, ஆனால் உங்கள் போன் தண்ணீரில் விழுந்தால் போச்சு. ஆண்ட்ராய்டு என்றால் ஃபைல் மேனேஜரில் மீடியா ஃபோல்டருக்குள் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ் என்று ஒன்று இருக்கும், வாரவாரியாகப் பிரித்து வைத்திருக்கும், அதை அப்படியே கம்ப்யூட்டருக்கு எடுங்கள். சாட்டைத் திறந்து 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால் எழுத்தும் சேர்ந்து வரும். அவர் போனிலிருந்தும் எடுங்கள், அதில் பட்டறை ஆட்களுக்குப் பேசியதெல்லாம் இருக்கும். ஜிமெயிலிலும் கவனம் வேண்டும், இரண்டு வருஷம் யாரும் தொடாத கணக்கை கூகுள் நீக்கலாம், போட்டோக்களும் அதோடு போகும்.

மாட்டுங்கா சுந்தரி:

குழந்தே, உனக்கு என் பிள்ளை வயசுதான் இருக்கும். எனக்கு ஒரே அண்ணா. கும்பகோணத்தில் இருந்தார், போய்ப் பல வருஷம் ஆச்சு. நான் கல்யாணமாகி கிங்ஸ் சர்க்கிளுக்கு வந்ததிலிருந்து பொங்கலுக்கு மணியார்டர் தவறாமல் வரும், அடியில் நாலு வரி எழுத இடம் இருக்குமே, அதில் மாட்டுக்குக் கன்று பிறந்தது முதல் தெருவில் யார் யாரோடு சண்டை என்பது வரைக்கும் நுணுக்கி எழுதிவிடுவார். கூடப்பிறந்தவன் நன்றாக இருக்கவேண்டும் என்றுதானே பொங்கலுக்கு மறுநாள் காக்கைக்குச் சாதம் வைக்கும் கனுப்பிடி வைக்கிறோம். அவர் போன அடுத்த வருஷம் பால்கனியில் மஞ்சள் இலையும் கலந்த சாதமும் தயாராக இருக்கிறது, நான் நிற்கிறேன், யாருக்காக வைப்பது என்றே புரியவில்லை. என் மாமியார் (அவருக்கும் எனக்கும் ஆகவே ஆகாது, அது வேறு கதை) பின்னால் வந்து, "உங்கண்ணா பிள்ளைகள் இருக்காளோல்லியோ, வைடி" என்றார். இன்றைக்கும் வைக்கிறேன்.

சாஸ்திரம் கேட்டாயானால், தேதியைப் பார்க்காதே, இறந்த தமிழ் மாதம், பட்சம், திதி பார்க்க வேண்டும், இங்கிலீஷ் தேதிக்கு முன்னேயோ பின்னேயோ வரும். சில வீடுகளில் வருஷம் நிறைவதற்குள்ளேயே தலைத்திவசத்தை முடிப்பார்கள், உங்கள் வீட்டு வழக்கத்தை மாமாவிடம் கேள். பாபநாசம் தாமிரபரணிக்கு ஆடி அமாவாசையன்று போவது விசேஷம்தான், ஆனால் கூட்டத்தில் அம்மாவை அழைத்துக்கொண்டு இறங்க முடியுமா என்று பார்த்துக்கொள். ரயில் டிக்கெட்டும் இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறார்கள், நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் அந்தச் சமயம் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இங்கேயே வால்கேஷ்வர் பாணகங்கா குளம் இருக்கிறது, எத்தனையோ பேர் அங்கேதான் கொடுக்கிறார்கள். புரட்டாசி மகாளய பட்சத்தில் அப்பா அம்மாவுக்கு மட்டுமில்லை, அண்ணன், மாமா, சிநேகிதன் என்று எல்லோரையும் பெயர் சொல்லி நினைக்கலாம், அதற்கு இடம் இருக்கிறது. அம்மாவை மட்டும் வற்புறுத்தாதே. பிள்ளையைக் கொடுத்தவளிடம் போய் எந்த இலையில் என்ன பரிமாற என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்?

முலுண்ட் முத்து:

கொஞ்சம் கடுமையாகத் தெரிந்தால் மன்னிக்கவும். இவ்வளவு நீளக் கேள்வியில் அண்ணிக்கு ஒரு வரிதான் வருகிறது. அந்த போன், அந்த நம்பர், அந்த நினைவு நாள், இதில் முதல் உரிமை யாருக்கு? நீங்கள் பீரோவில் பூட்டி வைத்திருப்பது அவருடைய கணவரின் போன். அவரிடம் கேட்டீர்களா?

எங்கள் வீட்டில் தம்பி இறந்தபோது நாங்கள் அண்ணன்மார் எல்லாம் சேர்ந்து எல்லாவற்றையும் முடிவு செய்தோம், அந்தப் பெண் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தது. அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதே என் அக்கா ஒருத்திதான்.

நம்பரை விடலாம் என்பதுதான் என் கட்சி. இறந்தவர் பெயரில் சிம் ஓடிக்கொண்டிருப்பது நல்லதில்லை, அதோடு பேங்க், யுபிஐ எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த போனில் இருக்கும் யுபிஐயைத் தப்பித்தவறியும் தொடாதீர்கள். பேங்கில் இறப்புச் சான்றிதழைக் கொடுத்து நாமினி வழியாக வாங்குவதுதான் முறை. சான்றிதழ் கூடுதல் பிரதி வேண்டுமென்றால் தாராவிக்கு பிஎம்சி (மும்பை மாநகராட்சி) ஜி நார்த் வார்டு ஆபீஸ், தாதரில்.

அப்புறம் பேனர். அனுமதியில்லாத பேனர்களை எடுக்கச் சொல்லி 2017இலேயே மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது, அது ஒரு பக்கம். பேனரில் செத்தவர் படம் நடுவில் ஒன்று, சுற்றி உயிரோடிருப்பவர்கள் படம் இருபது, கூலிங் கிளாஸ் வேறு. மழையில் நனைந்து, கிழிந்து, கடைசியில் யாராவது ஒழுகும் கூரைக்கு மேல் போட்டுக்கொள்வார்கள். ஆறு வயதுக் குழந்தை அப்பா முகத்தை அங்கே பார்க்க வேண்டுமா? காசு செலவழித்தே தீரவேண்டும் என்றால் தினத்தந்தி மும்பைப் பதிப்பில் சின்னதாக ஒரு நினைவஞ்சலி போடுங்கள், வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

தொண்ணூறு அடி ரோடு:

முத்து அண்ணா சொன்னதில் பேனர் சரி, நம்பர் சரியில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி விட முடியாது. ஒரு ரீசார்ஜில் ஒருத்தருக்கு மனசு நிற்கிறது என்றால் போட்டுவிட்டுப் போகட்டுமே, கோயிலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுப்பதை யாராவது கணக்குக் கேட்கிறோமா?

சயான் தம்பி, சந்துப் பையன்களை வேண்டாம் என்று அனுப்பிவிடாதீர்கள். அவர்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் போல இருக்கிறது, பேனரைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை, அவ்வளவுதான். ரத்த தான முகாம் வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் எங்கள் பெரியண்ணனுக்கு அதைத்தான் வைக்கிறோம். லைசன்ஸ் உள்ள ரத்த வங்கிதான் நடத்த முடியும், அதனால் சயான் ஆஸ்பத்திரி போல ஏதாவது ஒரு ரத்த வங்கியில் முன்கூட்டியே போய்ப் பேசுங்கள், டாக்டர், கட்டில், பை எல்லாம் அவர்களே கொண்டுவருவார்கள். நாம் காற்றோட்டமான ஒரு ஹாலும் ஆட்களும் பிஸ்கட்டும் பார்த்துக்கொண்டால் போதும். 18 வயதிலிருந்து 65 வரை, எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும், ஆண்கள் என்றால் போன தடவை கொடுத்து மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். வெறும் வயிற்றோடு வராதே என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும், எங்கள் பையன்கள் இரண்டு பேர் வீரமாக வந்து மயங்கி விழுந்தார்கள்.

இன்னொன்று. பாப்பாவுக்கு ஆறு வயது என்கிறீர்கள். அப்பாவைப் பற்றி அவளுக்குப் பெரிதாக ஒன்றும் நிற்காது, நாளைக்கு நாம் சொல்வதுதான் நிற்கும். வீட்டு ஆட்கள் எல்லோரும் "தங்கமான மனுஷன்" என்றுதான் சொல்வோம், அதில் ஆள் தெரியாது. பட்டறையில் கூட வேலை செய்த காரிகர்களிடம் (தொழிலாளிகளிடம்) கேளுங்கள். பீகார், உ.பி. பையன்கள் என்றால் ஊருக்குப் போய்விட்டு எப்போது திரும்புவார்களோ தெரியாது, இப்போதே ஹிந்தியில் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். எங்கள் அண்ணனுக்கு ஓரளவு நன்றாகப் பாட வரும் என்பதே அவரோடு வேலை செய்த ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும், வீட்டில் ஒரு நாள் வாயைத் திறந்ததில்லை.

சயான் தம்பி:

எல்லோருக்கும் நன்றி. முத்து அண்ணன் பதிலைப் படித்ததும் முதலில் சுருக்கென்றது, ஆனால் ராத்திரியே கல்யாணுக்குப் போன் போட்டேன். நம்பரை விடலாமா அண்ணி என்று கேட்டதும் அவர் பதறிவிட்டார். நினைவுக்காக இல்லை! கேஸ் புக்கிங், பாப்பா ஸ்கூல், இன்சூரன்ஸ், எல்லாவற்றிலும் அந்த நம்பர்தானாம், "ஓடிபி வந்தா உங்ககிட்ட எப்படிக் கேக்குறதுன்னு நானே முழிச்சிக்கிட்டு இருந்தேன்" என்கிறார். இவ்வளவு நாள் கூச்சப்பட்டுக் கேட்காமலேயே இருந்திருக்கிறார். அதனால் சிம்மை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிடப் போகிறேன். செம்பூர் அண்ணா, அதற்கு என்னென்ன வேண்டும்?

ஆடி அமாவாசைக்கு மாமா மட்டும் ஊருக்குப் போகிறார். நாங்கள் இங்கேயே. அண்ணி வருகிறேன் என்றிருக்கிறார், என்ன சமைப்பது என்பதை அவரும் அம்மாவும் பேசிக்கொள்வார்கள், நான் தலையிடவில்லை. பையன்களிடம் ரத்த தானம் என்றதும் உடனே சரி என்றுவிட்டார்கள், ஆனால் டி-ஷர்ட்டில் அண்ணன் படம் போட்டே ஆக வேண்டுமாம். அது வரைக்கும் இறங்கி வந்ததே பெரிது.

வாய்ஸ் மெசேஜ்களையும் எடுத்துவிட்டேன். கேட்டால் முக்கால்வாசி திட்டுதான். "டேய், ஓரம் சீவாம மடிச்சா பர்ஸா அது, தலகாணி", "சொல்யூஷன் டப்பாவ மூடுங்கடா, காசு காயுது" என்று பட்டறை ஆட்களுக்கு. எனக்கு வந்தது எல்லாம் "எங்க இருக்க, வர்றப்ப பாவ் வாங்கிட்டு வா". பாசமாக ஒரு வார்த்தை தேடினேன், அந்த மனுஷன் பேசினால்தானே. பாப்பாவுக்குப் போட்டுக் காட்டலாமா என்று அண்ணியிடம் கேட்டேன், திட்டுவதையும் சேர்த்தே போடுங்கள், அப்படித்தான் இருப்பார் என்றார். பட்டறையில் இருந்த அஸ்லம் பாயும் ஞாயிற்றுக்கிழமை வந்து பேசுகிறேன் என்றிருக்கிறார். ஒரு சந்தேகம், கம்ப்யூட்டரில் அந்த ஃபைல் எதுவும் திறக்க மாட்டேன் என்கிறது, கடைசியில் ஓபஸ் என்று இருக்கிறது.

ரீசார்ஜ் கடை, செம்பூர்:

விஎல்சி பிளேயர் போடுங்கள், ஓடும். பாப்பா போனில் கேட்க வேண்டுமென்றால் எம்பி3யாக மாற்றிக்கொள்ளலாம், அதே விஎல்சியிலேயே கன்வர்ட் என்று இருக்கும். பழைய ஃபைலை அழிக்காமல் இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று அண்ணியிடம்.

சிம் மாற்ற இறப்புச் சான்றிதழ், அண்ணியின் ஆதார், இருவருக்கும் உறவு தெரிகிற மாதிரி ஏதாவது ஒன்று, கல்யாணச் சான்றிதழோ ரேஷன் கார்டோ, எடுத்துக்கொண்டு கம்பெனியின் சொந்த ஸ்டோருக்குப் போங்கள். என்னைப் போன்ற சின்னக் கடையில் இது நடக்காது. அண்ணி நேரில் வர வேண்டியிருக்கும், அதனால் கல்யாணிலேயே பார்த்துக்கொள்வது அவருக்கு வசதி. மாறி முடியும் வரைக்கும் ரீசார்ஜை நிறுத்திவிடாதீர்கள்.